சோதனை என்கிற சௌகரியம்

சென்ற மாதம் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தபோது ஒரு நண்பர் தன் கவிதை ஒன்றைப் படித்தார். நடுவில் மூன்று வரிகள் கவிதைக்குச் சம்பந்தமில்லாமல் நின்றன. ஏன் என்று கேட்டேன். "அது அப்படி வந்தது. திருத்தினால் சோதனை செத்துவிடும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். லண்டனில் 'திஸ் ஹீட்' என்று ஒரு ராக் குழு இருந்ததாம்; வாத்தியமே வாசிக்கத் தெரியாத ஒருவரைச் சேர்த்துக்கொண்டார்களாம்; தோன்றியதை வாசித்தார்களாம்; அதுதான் சோதனையாம். மேற்கிலிருந்து ஒரு உதாரணம் வந்துவிட்டால் நம்மிடையே பேச்சு நின்றுவிடும். அன்றும் நின்றது.

நான் அந்த இசையைச் சில வருஷங்களாகக் கேட்டு வருகிறவன். வாசிக்கத் தெரியாதவர் குழுவில் இருந்தது உண்மை. அதிலிருந்து நண்பர் தனக்கு எடுத்துக்கொண்ட அனுமதிதான் பொய்.

1976 தொடக்கத்தில் குழு உருவாயிற்று. மூன்றே பேர். டிரம்ஸ் வாசித்த சார்லஸ் ஹேவர்டும் கிதார் வாசித்த சார்லஸ் புல்லனும் முன்பே சேர்ந்து வாசித்தவர்கள். மூன்றாமவர் கேரத் வில்லியம்ஸ், சங்கீதப் பயிற்சி இல்லாதவர். பிரிக்ஸ்டன் பகுதியில் மூடிக்கிடந்த ஓர் இறைச்சிப் பண்டத் தொழிற்சாலையின் குளிர்பதன அறை இவர்களுக்குக் கிடைத்தது. 'கோல்ட் ஸ்டோரேஜ்' என்றே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1977ல் பிபிசியில் ஜான் பீல் நிகழ்ச்சிக்கு வாசித்தாயிற்று. அந்தச் சூட்டில் ஓர் இசைத்தட்டைப் போட்டிருக்கலாம். போடவில்லை. முதல் தட்டு வந்தது 1979ல், பியானோ என்ற சிறு நிறுவனத்தின் வெளியீடாக.

இந்த மூன்று வருஷம் என்ன செய்தார்கள்? வாசித்தார்கள், டேப்பில் பிடித்தார்கள், திரும்பக் கேட்டார்கள், வெட்டினார்கள், ஒட்டினார்கள். மலிவான கேஸட்டில் பதிந்ததும் ஸ்டூடியோவில் பதிந்ததும் அந்தத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. '24 ட்ராக் லூப்' என்ற உருப்படியைக் கேளுங்கள். தாங்கள் வாசித்ததில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றாக ஒட்டி, 24 தடங்கள் கொண்ட இயந்திரத்தில் ஏற்றி, தடங்களைக் கூட்டியும் குறைத்தும் செய்தது அது. எந்த ஒலியும் 'அப்படி வந்ததால்' அங்கே நிற்கவில்லை. வந்ததை மறுபடி கேட்டு, வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்ததால் நிற்கிறது.

நான் வங்கிக் குமாஸ்தா. கம்ப்யூட்டர் வந்த பிறகும் மாலையில் பெட்டியிலிருக்கும் பணத்தை எண்ணித்தான் ஆகவேண்டும். நூறு ரூபாய் குறைந்தால் 'அது அப்படி வந்தது' என்று மானேஜரிடம் சொல்ல முடியாது. கணக்கும் கவிதையும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்ல. கணக்கில் சரியான தொகை முன்பே தெரியும், கவிதையில் தெரியாது. ஆகவே கவிஞனுக்குச் சரிபார்க்கும் வேலை என்னைவிட அதிகம். அந்த மூவருக்கும் டேப்தான் பேரேடு.

வில்லியம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பயின்ற கைக்குப் பழக்கம் என்ற ஆபத்து உண்டு. பயிலாத கைக்கு அது இல்லை. அந்த லாபம் நிஜம். ஆனால் தற்செயலாகக் கிடைத்ததை அடையாளம் காண ஒரு காது வேண்டும். அறியாமை கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். உள்ளே போய் வேலை செய்வது வேறு. அந்த வில்லியம்ஸ் பிறகு குழுவிலிருந்து விலகி எங்கே போனார் தெரியுமா? கேரளத்துக்கு, கதகளி படிக்க. கண்ணசைவுக்கே வருஷக்கணக்கில் சாதகம் கேட்கிற கலையைத் தேடி. பயிற்சியின்மையின் காவல் தெய்வமாக நம் நண்பர் நிறுத்திய ஆள் இவர்.

இன்னொன்று. அவர்களுக்குச் சொல்ல விஷயம் இருந்தது. முதல் தட்டு 1975ல் சைகோன் வீழ்ந்ததைப் பற்றிய பாட்டோடு முடிகிறது. 1981ல் ரஃப் ட்ரேட் வெளியிட்ட 'டிசீட்' முழுவதிலும் அணு ஆயுதப் பயம் ஓடுகிறது. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் வாசகங்களையே ஓரிடத்தில் பாடுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் கைவசமிருந்த ராக் உருவம் போதவில்லை, அதனால் உடைத்தார்கள். நண்பரின் மூன்று வரிகள் எதற்குப் பயந்து உடைந்தன?

1982ல் குழு கலைந்தது. வில்லியம்ஸ் 2001ல் இறந்தார். மற்ற இருவரும் 2016ல் 'திஸ் இஸ் நாட் திஸ் ஹீட்' என்ற பெயரில் மேடையேறியபோது கேட்கக் கூட்டம் இருந்தது. இதைச் சொல்லவே தயக்கமாயிருக்கிறது. 'நம்மையும் நாளை தேடி வருவார்கள்' என்று இதையும் நாம் ஆறுதலாக்கிக்கொள்வோம். முந்நூறு பிரதி அச்சடிப்பது நம் நிலைமை. அது எதற்கும் நிரூபணம் ஆகாது. முந்நூறு பேர் படிக்கிற குப்பையும் குப்பைதான்.

என்னையும் சேர்த்தே சொல்கிறேன். இதே பத்திரிகைக்கு ஒரே இரவில் எழுதி, திரும்பப் படிக்காமல் அனுப்பிய மதிப்புரை ஒன்று என் பெயரில் இருக்கிறது. 'வேகத்தில் ஒரு உண்மை இருக்கிறது' என்று அப்போது நானும் பேசினேன். சமீபத்தில் எடுத்துப் படித்தேன். வேகம் இருந்தது.

நண்பர் அந்தக் கவிதையை உரக்கப் படித்து, தன் போனிலேயே பதிந்து, ஒரு வாரம் கழித்துத் தனியாகக் கேட்கட்டும். அதற்குப் பிறகும் அந்த மூன்று வரிகள் இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றினால், அடுத்த இதழில் நான் மன்னிப்புக் கேட்கிறேன்.