பலகையில் ஒரு முகம்

நம் மத்ரஸாவில் ஓதும் சிறுமி ஒருத்தி, சென்ற மாதம் துணியில் சுற்றிய மாம்பலகை ஒன்றைக் கொண்டுவந்து என் முன் வைத்தாள். அவிழ்த்தால், ஓராண்டுக்கு முன் மறைந்த அவளுடைய நன்னாவின் முகம்! வண்ணப் பென்சிலால் தீட்டியிருந்தாள்.

“ஹஜ்ரத், நன்னி இதைச் சுவரில் மாட்டச் சொல்கிறார்கள். அத்தா கூடாதென்கிறார்கள்.”

தீர்ப்புச் சொல்லுமுன் வேலைப்பாட்டைத்தான் பார்த்தேன், அதை மறைப்பானேன்? மரத்தில் தீட்டுவது தாளில் தீட்டுவது போன்றதன்று. பலகையை உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும்; குறுக்கே தேய்த்த கீறல் வண்ணத்தினூடே பல்லிளிக்கும். பென்சிலில் மெழுகு கலந்திருப்பதால் மெல்லிய பூச்சாகப் பலமுறை ஏற்ற வேண்டும். தொடக்கத்திலேயே அழுத்தினால் அடுத்த வண்ணம் பிடிக்காது. தாளின் வெண்மை மரத்தில் இல்லை. நெற்றியின் ஒளிக்கு வெள்ளைப் பென்சில் வேண்டும். கன்னத்து மாநிறத்தையோ மரமே தந்துவிடும். பிள்ளை இதையெல்லாம் தானே கண்டறிந்திருந்தாள். மர ரேகைகளையே நன்னாவின் நெற்றிச் சுருக்கங்களாக்கியிருந்தாள்!

உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்த நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நபிகளார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையைக் கேட்டு அம்மனிதர் முகம் வெளிறினார். மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையலாமென இப்னு அப்பாஸ் (ரலி) அவருக்கு வழிகாட்டினார்கள். புகைப்படத்தில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் முகமும் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. கையால் வரைவதில் பெரும்பாலோர் கண்டிப்பானவர்கள். நானும் அவர்கள் பக்கமே.

“மாட்ட வேண்டாம் அம்மா” என்றேன்.

“அழித்துவிடட்டுமா ஹஜ்ரத்?”

மர நாரில் ஏறிய மெழுகு வண்ணம் ரப்பருக்கு முழுதும் அழியாது. உப்புத்தாளால் தேய்த்தே எடுக்க வேண்டும். நன்னாவின் முகத்தை அவள் கையாலேயே தேய்க்கச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

“நன்னாவின் பொருள்களில் உன் நினைவில் நிற்பது எது?”

“மூக்குக் கண்ணாடி. ஒரு பக்கம் ஒடிந்து, கறுப்பு நூல் கட்டியிருக்கும்.”

சென்ற வெள்ளியன்று இரண்டாம் பலகை வந்தது. ரெஹல் மீது மூக்குக் கண்ணாடி. நூலின் முடிச்சுகூடத் தெரிந்தது. அதை நன்னி சுவரில் மாட்டப் போகிறார்களாம்.

“முதல் பலகை?”

“நன்னியின் பெட்டியில் இருக்கிறது, ஹஜ்ரத்.”

மேற்கொண்டு நான் கேட்கவில்லை.