மதில் கரையும் கடற்கரை

கோட்டை என்றதும் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஞாபகம் வருவது எது? பெரும்பாலும் மேல்நாட்டுக் கதைப் புத்தகத்தில் அச்சிட்ட படந்தான். ஆகாயத்தை முட்டும் கோபுரம், அகழிக்கு மேலே தூக்குப்பாலம், ஜன்னல் ஓரத்தில் ஓர் இளவரசி! இவையெல்லாம் ரைன் நதிக் கரையிலேதான் உண்டு என்று அவர்கள் நினைத்துக் கொண்டிருந்தால், அது அவர்கள் குற்றம் அன்று. விடுமுறை விட்டால் நாம் அவர்களை அழைத்துக்கொண்டு போவது கலியாண வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும்தானே?

இரண்டு நாள் அவகாசமும் கொஞ்சம் கால்வலுவும் உள்ள குடும்பத்தார் மரக்காணம் பக்கம் புறப்படலாம். கடலோரத்து உப்பு வெளியில் ஆரம்பித்துச் செஞ்சி மலை உச்சியில் முடியும் இந்தப் பிரயாணம், தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டை நடந்து கடப்பதற்குச் சமானம்.

வழிகாட்டி யார் என்கிறீர்களா? சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனாரே இருக்கிறார்! பரிசில் பெற்று வந்த பாணன் ஒருவன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனைப் பார்த்து, ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் போகும்படி சொல்லி வழியும் காட்டுகிறான். முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம். பிறகு முல்லை நிலத்து வேலூர். பிறகு மருத நிலத்து ஆமூர். கடைசியில் அரசன் இருக்கும் கிடங்கில். எயிற்பட்டினம் என்பது மரக்காணப் பகுதியே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். கிடங்கில் இன்று திண்டிவனம் நகரத்தோடு சேர்ந்திருக்கிறது.

பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். 'எயில்' என்றால் மதில். 'கிடங்கு' என்றால் பழந்தமிழில் அகழி. புறப்படும் ஊர் மதில். போய்ச் சேரும் ஊர் அகழி! கல்லும் செங்கல்லும் மறைந்து போனாலும் பெயருக்குள்ளே கோட்டையைப் பத்திரப்படுத்தி வைக்கத் தமிழர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புலவருடைய ஊரும் இந்தக் கரையிலேதான் இருக்கிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பது அவருடைய முழுப் பெயர். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட அந்த இடைக்கழிநாடு, மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் அதே பெயருடன் விளங்குகிறது. அங்கே கடப்பாக்கத்துக்கு அருகில், கழிமுகத்தை ஒட்டி, ஆலம்பரைக் கோட்டையின் மிச்சம் நிற்கிறது.

'மிச்சம்' என்றுதான் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய செங்கல் மதிலில் சில துண்டுகளும், பிளந்து சாய்ந்த கொத்தளங்களும், மணலும், முட்புதரும், அப்பால் நீலக் கடலும். ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் காலத்தில், 1736-க்கும் 1740-க்கும் இடையில் எழுந்த கோட்டை இது. இங்கே கப்பல்துறை இருந்தது, நாணயச்சாலை இருந்தது, சரிகைத் துணியும், உப்பும், நெய்யும் இங்கிருந்து கப்பலேறின. கோட்டையின் நிழலில் நெடுங்காலம் இளைப்பாற நவாபுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1740-ஆம் ஆண்டு மே மாதத்தில் தாமலசெருவுக் கணவாயில் மராத்தியப் படையுடன் போரிட்டு மடிந்தார். பத்து வருஷம் கழித்து, தமக்குச் செய்த உதவிக்காக முஸாபர் ஜங் இந்தக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரரான டூப்ளேக்குக் கொடுத்தார். இன்னும் பத்து வருஷம் சென்றது. 1760 ஜனவரி 22-ஆம் தேதி வந்தவாசியில் பிரெஞ்சுப் படை தோற்றது. அந்த ஆண்டிலேயே ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்து, இடித்தும் போட்டார்கள்.

கட்டியவர் ஒருவர், பெற்றவர் ஒருவர், இடித்தவர் ஒருவர். எல்லாம் இருபத்தைந்து வருஷத்துக்குள்! தேசத்தை இழப்பதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று குழந்தைகள் கேட்டால், இந்த மதிலைக் காட்டி விடை சொல்லலாம்.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் மேற்கே சென்றால், சமவெளியின் நடுவே பாறைக் குன்று ஒன்று தெரியும். அதுதான் பெருமுக்கல். குன்றின்மேல் சோழர் காலத்துக் கல்வெட்டுக்களுடன் கூடிய சிவன் கோயில். அதைச் சுற்றிக் கோட்டையின் அடையாளங்கள். அங்கே சரித்திர காலத்துக்கு முந்தைய மனிதர்கள் பாறையில் செதுக்கிய உருவங்களும் உண்டு. மனிதன் கல்லில் கோடு கிழிக்கக் கற்ற நாளிலிருந்து, ஆங்கிலேயர் பீரங்கியோடு வந்த 1760 வரையில், ஒரே குன்றில் அடுக்கடுக்காக எழுதி வைத்திருக்கிறது. குன்றின் மேல் நின்றால் நாற்புறமும் வெகு தூரம் தெரியும். இதைப் பிடிக்கப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஏன் அத்தனை பாடுபட்டார்கள் என்பது அப்போது விளங்கிவிடும். ஆனால் இந்த வட்டாரம் கருங்கல் உடைப்பதற்குப் பெயர் போனது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

திண்டிவனத்திலிருந்து இருபத்தெட்டு கிலோ மீட்டரில் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் பிணைத்துக் கட்டிய கோட்டையைப் பார்த்து, "இதை மனிதர்களா கட்டினார்கள்?" என்று கேட்காதவர் இல்லை. ராஜகிரி உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து பெரும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் மரப்பாலம், பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். மேல்நாட்டுக் கதையிலே வரும் தூக்குப்பாலத்துக்கு ஏங்கும் குழந்தைகள் இங்கே திருப்தி அடைவார்கள். சிவாஜி மகாராஜா 1677-ஆம் ஆண்டில் இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். அவருடைய மைந்தர் ராஜாராம் இதற்குள்ளே இருந்துகொண்டு மொகலாயப் படையை எதிர்த்தார். முற்றுகை 1690-இலிருந்து 1698 வரை நீடித்தது. 1714-ஆம் ஆண்டில் இளைஞன் தேசிங்கு நவாபு சாதத்துல்லாகானின் சேனையை எதிர்த்து உயிர் துறந்தான். அந்த நவாபின் சகோதரர் மகன்தான் ஆலம்பரைத் தோஸ்த் அலி! மலையும் கடலும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் என்பது இப்போது தெரிகிறதல்லவா?

2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராத்தியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. இனி அந்த மலையைப் பற்றி உலகம் கவலைப்படும். ஆலம்பரையைப் பற்றிக் கவலைப்படுவது யார்?

இந்தக் கேள்வி எழுந்ததும் மரக்காணத்து உப்பளங்கள்தான் கண்முன் நிற்கின்றன. பாத்தி பாத்தியாகக் கட்டிய உப்பு நீர் வெயிலில் சுண்டிப் பளபளக்கிறது. மரப்பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிக்கிறார்கள் ஆண்களும் பெண்களும். பழந்தமிழில் உமணர் என்று பெயர் பெற்ற உப்பு வணிகர் வண்டியில் ஏற்றிச் சென்றார்கள். பிற்காலத்தில் மரக்காணத்தில் முடியும் பக்கிங்ஹாம் கால்வாயில் படகிலே போயிற்று. இப்போது லாரியிலே போகிறது. கோட்டைகளைப் பிடித்த கம்பெனியார் 1805-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானி உப்பையும் தங்கள் ஏகபோகமாக்கிக் கொண்டார்கள். அந்தப் பிடியை எதிர்த்துத்தான் 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தார். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது. நவாபும், டூப்ளேயும், கம்பெனியும் போய்விட்டார்கள். உப்பு வாருகிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தி கரைந்து, வேலையும் நின்று, அடுத்த வெயிலுக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் அவர்களையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.

இடிந்த மதிலைக் காப்பாற்றி என்ன பிரயோஜனம் என்று சிலர் கேட்கலாம். ஜெர்மனியில் ஹைடல்பர்க் கோட்டை இருக்கிறது. பிரெஞ்சுப் படைகள் 1689-இலும் 1693-இலும் அதைத் தகர்த்தன. பிறகு ஊரார் வீடு கட்டுவதற்கு அங்கிருந்து கல் எடுத்துக்கொண்டு போனார்கள். 1810-ஆம் ஆண்டில் அங்கே வந்த சார்ல்ஸ் த கிரெம்பர்க் என்ற பிரெஞ்சுக்காரர்தான் அதைத் தடுத்து, இடிபாட்டைக் காக்கும் பணியில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். இன்று அந்த இடிபாட்டைப் பார்க்கவே உலகெங்குமிருந்து ஜனங்கள் போகிறார்கள். அயல் தேசத்து இடிபாட்டுக்கு அந்நியர் ஒருவர் அவ்வளவு செய்தார். நம் சொந்த இடிபாட்டுக்கு நாம் என்ன செய்யப்போகிறோம்?

ஆலம்பரை விஷயத்தில் காலதாமதம் கூடாது. பீரங்கிக்குத் தப்பிய மதிலைக் கடல் அரிக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலை மேலும் சிதைத்தது. உப்புக் காற்றுக்கு ஓய்வு கிடையாது. கரிக்கட்டியால் பெயர் எழுதும் இளைஞர்களுக்கும் ஓய்வு இல்லை!

ஆகையால் மாசி, பங்குனி மாதங்களுக்குள் புறப்படுங்கள். வெயில் ஏறுமுன் ஆலம்பரையைப் பார்த்துவிடுங்கள். மறுநாள் விடியற்காலையில் ராஜகிரி ஏறுங்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். காகிதத்தையும் காலிப் புட்டியையும் மறக்காமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். மதிலிலிருந்து ஒரு செங்கல்லையும் பெயர்க்க வேண்டாம். குழந்தைகளுக்கு ஞாபகார்த்தம் வேண்டுமென்றால், மரக்காணத்தில் ஒரு படி உப்பு வாங்கிக் கொடுங்கள். அதிலே இந்தக் கரையின் சரித்திரம் முழுவதும் கரைந்திருக்கிறது.