மேயருக்குப் பட்டன் எங்கே?

சென்னை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-ம் தேதி தேர்தல் நடந்தது. கோட்டூர்புரத்தில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த எங்கள் மாடி வீட்டு மாமி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்மா, கவுன்சிலருக்கு ஒரு பட்டன் அமுக்கினேன். மேயருக்கு எங்கேன்னு கேட்டா, 'அவ்வளவுதான் மாமி'ங்கறா அந்தப் பொண்ணு. போன தடவை ரெண்டு ஓட்டு போட்டேனே, இன்னொண்ணு எங்கே போச்சு?"

மாமி கேட்டது நியாயமான கேள்வி. போன தடவை என்று அவர் சொன்னது 2011-ம் வருஷத்தை. அப்போது மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என்று நாமே நேராக இரண்டு ஓட்டுப் போட்டோம். சைதை துரைசாமி மேயரானார். 2022-ல் அந்த ஏற்பாடு இல்லை. நாம் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்தோம். 200 வட்டத்துக் கவுன்சிலர்களும் மார்ச் 4-ம் தேதி ரிப்பன் மாளிகையில் கூடி, தங்களில் ஒருவரான ஆர்.பிரியாவை போட்டியில்லாமல் மேயராக்கினார்கள். மாமியின் இரண்டாவது ஓட்டை யாரும் திருடவில்லை, சட்டமே எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த விஷயத்தில் சட்டம் புரண்டு படுத்ததுபோல் வேறெதிலும் படுத்திருக்குமா என்று தெரியவில்லை. பழைய நாளில் கவுன்சிலர்கள்தான் வருஷத்துக்கு ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1956-ல் தாரா செரியன் அம்மாள் இந்த ஊரின் முதல் பெண் மேயராக வந்தது அப்படித்தான். 1971-ல் காமாட்சி ஜெயராமன் வந்ததும் அப்படித்தான். 1973-ல் மாநகராட்சி மன்றத்தையே கலைத்தார்கள். அதற்கப்புறம் 23 வருஷம் தேர்தலே கிடையாது. 1996-ல் ஜனங்களே நேராக மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்து மு.க.ஸ்டாலின் மேயரானார். 2006-ல் மறுபடியும் கவுன்சிலர்கள் கைக்குப் போய் மா.சுப்பிரமணியன் வந்தார். 2011-ல் திரும்பவும் நம் கைக்கு. 2016-ல் அறிவித்த தேர்தல் கோர்ட்டில் நின்றுபோனது. ஐந்து வருஷத்துக்கு மேல் மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, அதிகாரிகள்தான். 1973-லிருந்து 2022 வரையுள்ள 49 வருஷத்தில் 28 வருஷம் நம் ஊர் இப்படித் தலைவரில்லாத குடும்பமாக இருந்திருக்கிறது. மாமி குழம்பாமல் என்ன செய்வார்!

அந்தத் தேர்தலுக்கு முன்பு பத்து நாளாக எங்கள் மொட்டை மாடியில் வடாம் பிழிகிற சாக்கில் ஒரே அரசியல்தான். நாலு பெண்கள் கூடினால் புடவைப் பேச்சு என்று கேலி செய்யும் ஆண்கள் வந்து கேட்டிருக்க வேண்டும். ஆனால் பேச்சு முழுக்க மேயர் யார், மேயர் யார் என்பதிலேயே சுற்றியது. மாமிக்கு மேயர் என்றால் 1996-க்கு அப்புறம் கட்டிய மேம்பாலங்கள். எங்களுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவுக்கோ மேயர் என்றால் 2013-ல் ஆரம்பித்த அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லி. கீழ்வீட்டு டீச்சர் அக்கா மட்டும், "மேயரை விடுங்க, நம்ம வார்டுக்கு யாரு நிக்கறாங்கன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். வடாம் மாவைக் கிண்டிக்கொண்டிருந்த ஒருத்திக்கும் முழுசாகத் தெரியவில்லை. சின்னம் தெரிந்தது, கட்சி தெரிந்தது. ஆள்?

மேயரை எடை போடுகிற தராசு நம் கையில் இல்லாதபோது, கவுன்சிலரையாவது சரியாக எடை போட வேண்டாமா? அவர்கள்தானே நமக்குப் பதிலாக மேயருக்கு ஓட்டுப் போடப் போகிறவர்கள்! பரிசம் போட நாம் போகமுடியாதபோது, நமக்காகப் போகிறவர் யார் என்று பார்த்துத்தானே அனுப்புவோம்?

எடை போடுவதற்கு முன்னால் கவுன்சிலரிடம் எதைக் கேட்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். இதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் ஒரு பெண்மணி, "கரண்ட் அடிக்கடி போகுது" என்றார். இன்னொருவர் ரேஷன் அரிசி பற்றிச் சொன்னார். எல்லாவற்றுக்கும் "செஞ்சுடறோம்மா" என்று பதில் வந்தது. மின்சாரம் மின்வாரியத்தின் காரியம். ரேஷன் மாநில அரசின் இலாகா. குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் மெட்ரோவாட்டர் என்கிற தனி வாரியத்தின் பொறுப்பு. மாநகராட்சியின் காரியம் குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, கொசு மருந்து, மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், வீட்டு வரி. இந்தப் பட்டியலில் ஒன்றைக் கேட்டால்தான் அவர் மாட்டிக்கொள்வார். பால் கடையில் போய்ப் புளி கேட்டால், "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமே!

மழைநீர் வடிகால், கழிவுநீர் இரண்டும் வேறு வேறு என்பது பல வீடுகளில் தெரியாது. தெருவில் தண்ணீர் தேங்கினால் முதலில் மோந்து பாருங்கள். (சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.) மழைத் தண்ணீர் என்றால் மாநகராட்சி. சாக்கடை என்றால் மெட்ரோவாட்டர். மாநகராட்சிக்குப் புகார் எண் 1913. ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் 1913 என்பதால் மறக்காது.

கோட்டூர்புரத்துக்காரர்களுக்கு இந்த வித்தியாசம் பாடப் புத்தகச் சமாசாரமல்ல. 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி அடையாறு எங்கள் பக்கம் ஏறி வந்தது. சித்ரா நகர், சூர்யா நகர் பக்கமெல்லாம் கீழ்வீடுகள் மூழ்கிவிட்டன. ஹவுசிங் போர்டு குடியிருப்பில் கீழே இருந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு மாநகராட்சியின் கையில் இல்லை; அது அப்போது பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. அதற்காகக் கவுன்சிலரைச் சட்டையைப் பிடிக்க முடியாது. ஆனால் ஆற்றில் தண்ணீர் வரப்போகிறது என்று தெரிந்தால் தெருத் தெருவாக ஆள் அனுப்பிச் சொல்வது, மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவது, மோட்டார் பம்பு கொண்டுவருவது, வடிகாலில் மண் அடைத்திருக்கிறதா என்று ஐப்பசிக்கு முன்னாலேயே பார்த்துவைப்பது, இதையெல்லாம் கேட்கத் தெரு ஜனங்களுக்கு ஒரு முகம் வேண்டுமா இல்லையா? 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரில் தண்ணீர் நின்றபோது அந்த முகம் எந்த வட்டத்திலும் இல்லை. கவுன்சிலர் இல்லாத வருஷங்களில் நடந்தது அது.

மேயருக்கே எல்லா அதிகாரமும் உண்டு என்றும் நினைக்க வேண்டாம். சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் மேயருக்கு. ஆனால் தினப்படி நிர்வாகம் மாநில அரசு நியமிக்கிற கமிஷனர் கையில். மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குகிறவர். மன்றத்தில் எழுந்து நின்று, "என் வட்டத்துக்கு இத்தனை தெருவிளக்கு வரவில்லை, ஏன்?" என்று கேட்கிற கவுன்சிலர் இருந்தால்தான் மேயருக்கும் பலம். வாயைத் திறக்காத 200 பேரை வைத்துக்கொண்டு எந்த மேயரும் ஒன்றும் செய்ய முடியாது.

பெண் வேட்பாளர் விஷயம் ஒன்று. 2016-ல் வந்த சட்டப்படி உள்ளாட்சிகளில் பாதி இடம் நமக்கு. 2022-ல் சென்னை மேயர் பதவியையே ஆதிதிராவிடப் பெண்களுக்கு ஒதுக்கியதால்தான் பிரியா வர முடிந்தது. இருபத்தெட்டு வயசுப் பெண், ஆதிதிராவிடர் சமூகத்திலிருந்து இந்த ஊருக்கு மேயரான முதல் பெண். நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் ஓட்டுக் கேட்க வரும்போது பல ஊர்களில் நடப்பது என்ன? அந்த அம்மாள் கைகூப்பி நிற்பார், பக்கத்தில் நிற்கும் கணவரோ அண்ணனோதான் பேசுவார். போஸ்டரில் அவர் படமும் பெரிதாக இருக்கும். நான் சொல்வது இதுதான்: கேள்வியை அந்த அம்மாளைப் பார்த்தே கேளுங்கள். அண்ணன் பதில் சொன்னால், "நீங்க இருங்க அண்ணே, அவங்க சொல்லட்டும்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதலில் தயங்கினாலும் பரவாயில்லை. நாமும் முதல் தடவை பேங்குக்குப் போனபோது தயங்கினவர்கள்தானே. ஐந்து நிமிஷம் பேசினால் அவருக்கு விஷயம் தெரிகிறதா, ஆர்வம் இருக்கிறதா என்று புரிந்துவிடும். மருமகள் பார்க்கப் போன இடத்தில் நாம் கண்டுபிடிக்காததா!

கீழ்வீட்டு டீச்சர் அக்கா இன்னொரு வேலையும் செய்தார். வேட்புமனுவோடு ஒவ்வொருவரும் படிப்பு, சொத்து, தன் மேல் உள்ள வழக்கு எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். சொத்துக் கணக்கைப் படிப்பதில் எங்களுக்கு இருந்த ஆர்வத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு. ஆனால் வெறும் வம்புக்காக இல்லை. ஐந்து வருஷம் கழித்து அதே ஆள் திரும்ப நிற்கும்போது பழைய பத்திரத்தையும் புதுப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில விஷயங்கள் தானாகப் பேசும்.

கீரைக்கார அம்மா யாரிடமும் ஆலோசனை கேட்கவில்லை. சித்ரா நகரில் கீழ்வீட்டுக்காரி, 2015-ல் தையல் மிஷினிலிருந்து பிள்ளையின் சர்டிபிகேட் வரை ஆற்றுக்குக் கொடுத்தவள். வந்த வேட்பாளர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாளாம்: "ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி வந்தா யாருக்குப் போன் போடணும்? உன் சொந்த நம்பர் குடு." ஒருவர் உதவியாளர் நம்பர் கொடுத்தார். ஒருவர் துண்டு நோட்டீஸில் அச்சடித்திருக்கிறது என்றார். ஒருவர் அங்கேயே தன் போனிலிருந்து அவளுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். "அந்தாளுக்குத்தான்க்கா போட்டேன், கட்சி எதுவா இருந்தா எனக்கென்ன" என்றாள். எங்கள் மொட்டை மாடியின் பத்து நாள் பேச்சைவிட இது எனக்குப் பிடித்திருந்தது.

ஓட்டுப் போட்டதோடு காரியம் முடிந்ததா என்றால், இல்லை. வட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, கிராமசபை மாதிரி நகரத்திலும் பகுதி சபை என்று கூட்ட 2022-ல் விதிகள் வந்திருக்கின்றன. அந்த வருஷம் நவம்பர் 1-ம் தேதியை உள்ளாட்சி தினமாக வைத்து முதல் கூட்டங்களும் நடந்தன. தெருக்காரர்கள் போய்க் கேட்கலாம், எழுதிக் கொடுக்கலாம். சமையல் முடித்துவிட்டு ஒரு மணி நேரம் ஒழிக்க முடியாதா? எழுதிக் கொடுத்தால் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

2022-ல் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேர் அளவுதான். தமிழ்நாடு முழுக்கச் சேர்த்தால் 61 பேர் அளவு. மிச்ச 56 பேரும் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். வாடகை வீடு மாறினவர்கள் பெயர் பழைய பேட்டையிலேயே கிடக்கிறது. வட்ட எல்லைகளை மாற்றினதில் சிலருக்கு வாக்குச்சாவடியே தெரியவில்லை. 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்துக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள். அடுத்த தடவைக்கு இப்போதே வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர், உங்கள் தெரு, வட்டத்து எண் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வீட்டிலுள்ள எல்லோருடையதையும் பாருங்கள், வயசுக்கு வந்த பிள்ளைகள் உள்பட. மாடி வீட்டு மாமியின் மருமகள் கோட்டூர்புரத்துக்கு வந்து ஆறு வருஷமாகிறது. ஓட்டு இன்னும் நங்கநல்லூரில் இருக்கிறது.