வரிவாளின் விலையும் உருக்கின் பெயரும்

பிறைபோல் வளைந்த குத்துவாள் ஒன்றை வாங்கி, மெத்தென்ற துணி விரித்த பேழையிலிட்டு, வரவேற்பறைச் சுவரில் மாட்டுவது இக்கால் ஒரு செல்வப் பழக்கமாகி வருகின்றது. ஏமன் நாட்டுச் சம்பியா, ஓமானியரின் கஞ்சர், முகலாயர் இடைக்கச்சையில் செருகிய வளைகத்தி ஆகியவற்றின் சாயலில் இவை செய்யப்படுகின்றன. அலகின்மேல் நீரலை போலவும் மரவரி போலவும் கோடுகள் நெளிகின்றன. ‘இஃது என்ன?’ என்று வினவினால், ‘தமசுகசு எஃகு, ஆயிரமாண்டுப் பழங்கலை’ என்று விற்பவர் விடை சொல்கின்றார். அந்த ஒரு பெயருக்காக விலை பன்மடங்காகின்றது. வாங்கியவரும் அப்பெயரையே வருவோர்க்கெல்லாம் ஓதுகின்றார்.

அழகுப் பொருளை வாங்குவது குற்றமன்று. படைக்கலக் கலையும் மாந்தன் கைவினைகளுள் ஒன்றே. ஓமானியரின் கஞ்சர்க் கைவினையையும் அதனை அணியும் வழக்கத்தையும் 2022-ஆம் ஆண்டில் ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு மாந்தகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. அந்நாட்டுக் கொடியிலேயே அக்கத்தி பொறிக்கப்பட்டுள்ளது. எனவே, கத்தியை விரும்புவோரை நாம் பழிக்கவில்லை. ஒரு பொருளுக்குப் பொருந்தாத பெயரைக் கேட்டு மயங்கி, அப்பெயர்க்குப் பொன்னை அள்ளிக் கொடுப்பதையே இழுக்கென்கின்றோம். அதிலும் தமிழன் அவ்வாறு ஏமாறுவது இரட்டை இழுக்கு. அவன் இழப்பது பொருளை மட்டுமன்று. தன் முன்னோர்க்கும் உரிய ஒரு பெருமையைக் காசு கொடுத்து அயலான் பெயரில் எழுதிவைக்கின்றான் என்க.

முதற்கண், இன்று விற்கப்படுவது யாது என்று காண்போம். இருவேறு வகை எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குகின்றனர். அதனை மடித்தும் வெட்டி அடுக்கியும் மீண்டும் அடிக்கின்றனர். ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கின் எண்ணிக்கை இரட்டிக்கின்றது. பின்னர் முறுக்கியும் குடைந்தும் கத்தியாக்கிக் காடியில் தோய்க்கின்றனர். நிக்கல் கலந்த அடுக்கு வெண்மையாக நிற்க, மற்றது கறுக்கின்றது. கண்ணைக் கவரும் வரி தோன்றுகின்றது. இஃது அடுக்கெஃகு. இதுவும் அரிய உழைப்பே. ஐரோப்பியரும் சப்பானியரும் அடுக்கியும் மடித்தும் வாள் செய்த பழைமை உடையவர்கள். அமெரிக்கக் கொல்லர் பில் மோரன் என்பார் 1973-இல் தாம் செய்த அடுக்கெஃகுக் கத்திகளைத் ‘தமசுகசு’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தபின், இக்காலக் கத்தி வணிகத்தில் அப்பெயர் இதற்கே உரியதுபோல் பரவிவிட்டது. பாக்கித்தானத்து வசீராபாத்தில் இன்று இவ்வகைக் கத்திகள் பெருவாரியாகச் செய்யப்பட்டு உலகெங்கும் ஏற்றுமதியாகின்றன. இவற்றினும் கீழான வகை ஒன்றும் உண்டு: வெறும் கறையிலாத் தகட்டின்மேல் வரியை மட்டும் காடியாலோ ஒளிக்கதிராலோ பொறித்து விற்கும் போலி.

இனி, பழைய வரியெஃகு யாது? அஃது அடுக்கப்பட்டதன்று, உருக்கப்பட்டது. தேனிரும்புத் துண்டுகளை மூசை என்னும் சிறு மட்கலத்திலிட்டு, உலர்ந்த மரத்துண்டும் பச்சிலையும் உடன்வைத்து, வாயைக் களிமண்ணால் மூடி, உலையில் நெடுநேரம் ஊதுவர். மரமும் இலையும் கரியாகி இரும்பினுட் புகும். அவ்விரும்பு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்குவரை கரிமம் ஏறிய எஃகுக் கட்டியாகும். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய சோசையா மார்சல் ஈத்து என்னும் ஆங்கிலேயர், சேலத்துப் பக்கத்துக் கொல்லர் இதனைச் செய்த வகையை 1830-களின் இறுதியில் எழுதிவைத்தார். மட்கலத்தில் இட்ட மரம் ஆவாரை; மூடிய இலை எருக்கிலை. மருந்துக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் நாம் பறிக்கும் ஆவாரையும், வேலியோரத்தில் யாரும் ஏறெடுத்துப் பாராத எருக்கும் உலகின் தலைசிறந்த எஃகுகளுள் ஒன்றுக்கு உணவாயின!

அக்கட்டியை மிகையாகக் காய்ச்சாமல், அளவான வெப்பத்தில் பன்முறை அடித்து நீட்டும்போது, இரும்பும் கரிமமும் சேர்ந்த வன்மணிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மெருகிட்டுக் காடி பூசினால் அவ்வரிசைகளே வெண்கோடுகளாக வெளிப்படும். வரி மேலே வரையப்பட்டதன்று, உள்ளிருந்து எழுவது. அமெரிக்க ஆய்வாளர் வெருகூவனும் கத்திக் கொல்லர் பென்றேயும் பிறரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, வனேடியம் போன்ற பொருள்கள் இரும்பில் மிக நுண்ணிய அளவில் இருப்பதே இவ்வரிசைக்குத் துணைசெய்தது என்று காட்டியது. ஆகவே, கொல்லனின் கைமட்டுமன்று, மண்ணின் தன்மையும் அவ்வாளில் எழுதப்பட்டிருந்தது.

இவ்வெஃகுக் கட்டிகள் எங்கிருந்து சென்றன? தென்னிந்தியாவிலிருந்தும் ஈழத்திலிருந்தும். நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பும் எஃகும் ஆக்கிய உலைகளின் சான்றுகள் வெளிப்பட்டன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவாளூரில் எஃகு உருக்கிய மட்கல உடைசல்களின் குவியலை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994-இல் எழுதினார். தெலுங்கு நாட்டுக் கோனசமுத்திரம் பாரசீக வணிகர் நேரில் வந்து எஃகு வாங்கிச் சென்ற ஊர். ஈழத்தின் சமனலவேவாப் பகுதியில் மலைச்சரிவுக் காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கிய உலைகளை கில் சூலெப்பு என்னும் ஆய்வாளர் 1996-இல் உலகுக்கு அறிவித்தார்.

அரபியர் இதனை மறைக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றித் தனிநூல் எழுதிய அல்கிந்தி, ஈழத்து எஃகைக் குறித்துள்ளார். இந்திய எஃகால் ஆகிய வாளுக்கு அரபு மொழியில் ‘முகன்னது’ என்றே பெயர். இந்தியத் தன்மையது என்பது அதன் பொருள். பொருளை வாங்கியவன் அது பிறந்த நாட்டின் பெயரையே அதற்கு இட்டு வழங்கினான். இதுவன்றோ சான்றாண்மை! பின்னாளில் அவ்வாள்களைக் கண்ட ஐரோப்பியரே தமசுகசு என்னும் சீரிய நகரின் பெயரை அவற்றுக்கு வழங்கினர். அந்நகர் அங்காடியால் வந்த பெயர் என்பர் ஒரு சாரார். நீரலை வரியைக் குறிக்கும் அரபுச் சொல்லால் வந்தது என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், கட்டி பிறந்த ஊர் பெயரின்றி மறைந்தது.

ஆங்கிலேயர் இவ்வெஃகை ‘ஊட்சு’ என்று எழுதினர். பம்பாயிலிருந்து அனுப்பப்பட்ட கட்டிகளை ஆய்ந்து சியார்சு பியர்சன் என்பார் 1795-இல் இலண்டன் அரசக் கழகத்தில் படித்த கட்டுரையில் அப்பெயர் காணப்படுகின்றது. பின்னர் மைக்கேல் பாரடே 1819 முதல் சில ஆண்டுகள் இதனை ஆய்ந்தார். உருசிய நாட்டு அனோசோவு 1841-இல் இத்தகைய எஃகைப் பற்றி நூல் வெளியிட்டார். ஐரோப்பிய எஃகு அறிவியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று நம் கொல்லனின் மட்கலத்திலிருந்து சென்றது என்பது மிகையன்று.

‘ஊட்சு’ என்பது ‘உக்கு’ என்னும் கன்னட, தெலுங்குச் சொல்லின் திரிபு என்பதே பலரும் ஏற்கும் முடிவு. தமிழில் உருகு என்பதிலிருந்து உருக்கு பிறக்கும். எஃகு என்னும் சொல்லோ கழக இலக்கியத்திலும் திருக்குறளின் பொருள்செயல்வகை அதிகாரத்திலும் ஆளப்பட்டது. சேலத்து ஆலையை இன்றும் நாம் உருக்காலை என்றுதான் சொல்கின்றோம். உருக்கு என்று வாயால் சொல்லிக்கொண்டே அதன் வரலாற்றைத் தமசுகசு என்ற பெயரில் விலைக்கு வாங்குகின்றோமே, இதனினும் நகைப்புக்குரியது வேறுண்டோ?

இவ்விடத்தில் நம்மவர்க்கும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். பெருமை பேசுவோர் அளவறிந்து பேசுதல் வேண்டும். உருக்குக் கட்டி ஆக்கியவர்களுள் தமிழர் ஒருவர். தமிழர் மட்டுமே அல்லர். கன்னடரும் தெலுங்கரும் ஈழத்துச் சிங்களரும் இதில் பங்குடையர். நடு ஆசியாவிலும் பாரசீகத்திலும் மட்கல எஃகு ஆக்கிய தனி மரபுகள் இருந்தன. கட்டியை வரிவாளாக்கிய கைவண்ணத்திலோ பாரசீகக் கொல்லர் ஈடிணையற்றவர். அலகின் குறுக்கே வரிகளைப் படிபோல் அமைத்து ‘நாற்பது படி’ என்று பெயரிட்ட நுட்பம் அவர்களுடையது. பழைய வரிவாள் ஒன்றில் கரிம நுண்குழல்கள் காணப்பட்டதாகச் செருமானிய ஆய்வாளர் 2006-இல் அறிவித்தனர். உடனே, ‘நம் கொல்லன் அன்றே நுண்குழல் அறிவியல் கற்றிருந்தான்’ என்று மேடைகளில் முழங்கத் தொடங்கினோம். கொல்லன் கற்றிருந்தது உலையின் நிறத்தையும் துருத்தியின் மூச்சையும் இலையின் அளவையும். அவ்வறிவே போதிய பெருமை. இல்லாததை ஏற்றிச் சொன்னால், உள்ளதையும் உலகம் நம்பாது. பொய்ப்பெயரிட்டு விற்கும் வணிகனுக்கும் பொய்ப்புகழ் கூறும் மேடைக்காரனுக்கும் வேறுபாடு மிகுதியன்று.

அஃதிருக்க, கத்தி வாங்கியே தீர்வேன் என்பார்க்குச் சில கூறுவோம். விற்பவரிடம், ‘இஃது அடுக்கெஃகா, மட்கல உருக்கா?’ என்று நேரே வினவுக. அடுக்கெஃகு என்று உண்மை கூறுபவரிடம் அதற்குரிய விலை கொடுத்து வாங்குக, அதில் தாழ்வில்லை. விடை மழுப்புபவரை விட்டு விலகுக. அலகின் முகத்தில் ஓடும் வரி முதுகிலும் தொடர்கின்றதா என்று நோக்குக. மேற்பொறிப்புப் போலியில் அது பெரும்பாலும் தொடராது. ஓரிடத்தில் மெருகிட்டு வரியை அழித்துக் காடி தடவினால் மெய்வரி மீண்டும் எழும், பொய்வரி எழாது. அழகுக்கென்றே செய்யும் கத்திகள் பல முறைப்படி பதமேற்றப்படாதவை என்பதையும் அறிக.

சட்டத்தையும் மறவற்க. 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்கீழ், ஒன்பது அங்குலத்தினும் நீண்ட அல்லது இரண்டு அங்குலத்தினும் அகன்ற அலகுடைய குத்துவாள், வாள் முதலியவற்றுக்கு, அரசு அறிவித்த பகுதிகளில் உரிமம் வேண்டும். வீட்டுப் பயன், வேளாண்மை, தொழில் இவற்றுக்கென அமைந்தவை அவ்வகையில் சேரா. யானைத் தந்தத்திலோ காண்டாமாவின் கொம்பிலோ பிடியமைந்தது என்று எவரேனும் பெருமை பேசி விற்க வந்தால், அப்பொருளைத் தீண்டற்க. ஏமனில் சம்பியாவின் மதிப்பே பிடியில்தான் என்னும் வழக்கம் எத்தனை காண்டாமாக்களின் உயிரைக் குடித்தது! நூறாண்டு கடந்த மெய்யான பழம்பொருளாயின், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புதல் ஆகாது.

மெய்யான பழைய படைக்கலங்களைக் காண விழைவோர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்க. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து வந்தவை அங்குள்ளன. பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. சுவரில் தொங்கும் போலி கற்பிக்காத பாடத்தை அக்கண்ணாடிப் பேழை ஒரு நாழிகையில் கற்பிக்கும்.

இறுதியாக ஒன்று. உருக்குக் கலை அழிந்தமைக்கு மலிவான அயல்நாட்டு எஃகின் வரவும், காட்டுக்கரி கிட்டாமையும், வாளின் இடத்தைத் துமுக்கி பிடித்தமையும் எனக் கரணியங்கள் பல. அழிந்ததற்கு அழுது பயனில்லை. ஆனால் அக்கொல்லனின் வழித்தோன்றல் அழிந்துவிடவில்லை. திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பவர் இன்றும் உளர். ஊர்தோறும் வண்டியின் பழைய வில்பட்டையைக் காய்ச்சிக் கதிரரிவாளும் கொடுவாளும் ஆக்குபவர் உளர். அவரிடம் நூறு உருவா குறைக்க அரைமணி வழக்காடுகின்றோம். பெயர்ப்பொய் சுமந்த பேழைக்கோ கேட்ட விலையை வாய்திறவாமல் எண்ணிக் கொடுக்கின்றோம். வரியெஃகின்மீது மெய்யாகவே காதல் உடையவர், தம் ஊர்க் கொல்லனிடம் ஒரு வளைகத்தி அடித்துத் தரச் சொல்க. அவன் உழைப்புக்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுக்க. அவன் பெயரை அலகில் பொறிக்கச் செய்க. பொறியியல் கற்கும் நம் இளைஞர் மட்கல உருக்கை மீண்டும் ஆக்கிப் பார்க்க முயல்க. ஆவாரை இன்றும் பூக்கின்றது. எருக்கு இன்றும் தழைக்கின்றது. உலைமுன் அமர்வோர் ஊக்கம் ஒன்றே குறை.

பொருளை அதன் பெயரால் வழங்குக. பெயரை அதற்குரியவனுக்கு வழங்குக. பிறந்த ஊரின் பெயரை வாளுக்கு இட்ட அரபியரின் நேர்மையேனும் நமக்கு வாய்க்கட்டும்!