கதவில் நெய்த பாய்

பொதட்டூர்பேட்டையின் நெசவாளர் தெருக்களில் வீடு முதலில் தறிக்கு. மிச்ச இடம்தான் மனிதருக்கு. அந்த நெசவுக்கு நவீனக் கட்டடத்தில் என்ன வேலை என்று கேட்டால், கட்டடக்கலை படித்தவர்கள் இலங்கையின் ஜெஃப்ரி பாவாவைக் காட்டுவார்கள். மண்ணின் கைவினையை நவீன வடிவத்தோடு இணைத்தவர் என்ற புகழ் அவருக்கு. மதுரையிலும் அவர் வடிவமைத்த கட்டடம் இருப்பதால் தமிழ்நாட்டுக்கு அந்நியரும் அல்ல.

பாவா கட்டடக்கலைஞராகத் தேறியது 1957இல். கண்டி மலைச்சரிவில் கருணாரத்ன வீடு கட்டி முடிந்ததோ 1951இல். கட்டியவர் மினெட் டி சில்வா என்ற பெண். தும்பறை நெசவாளர்களின் நார்ப்பாயை எடுத்துக் கதவுகளில் பதித்தார். உள்ளூர்க் குயவரிடம் சுடுமண் ஓடுகள் செய்து வாங்கினார். அலங்காரத்துக்காக அல்ல. நலிந்துகொண்டிருந்த தொழிலுக்குப் புதுக் கட்டடங்கள் பிழைப்புத் தரவேண்டும் என்பது அவர் கட்சி.

1918இல் கண்டியில் பிறந்தவர். பம்பாயில் படிக்கும்போது காந்தியை விடுவிக்கக் கோரிய ஊர்வலத்தில் போனதற்காகக் கல்லூரியை விட்டு நீக்கப்பட்டார். லண்டனில் படிப்பை முடித்து, 1948இல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகத்தில் இடம்பெற்ற முதல் ஆசியப் பெண் ஆனார்.

அவருடைய பெரிய சாதனை வீடுகளில் இல்லை, கேள்வித்தாளில் இருக்கிறது. 1950களில் கண்டி வட்டப்புலுவையில் அரசு ஊழியர்களுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் வேலை வந்தபோது, வரைபடத்துக்கு முன்பு குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை என்று கேட்டார். சிங்களர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் என எல்லாரும் அதில் இருந்தார்கள். இன்றைக்கும் நம் தொகுப்பு வீடுகளுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை.

பெண் என்பதால் தன் வேலையை யாரும் பொருட்படுத்தவில்லை என்று அவரே பின்னாளில் வருந்தினார். சண்டிகர் நகரம் என்றதும் அதை வடிவமைத்த லெ கார்புசியே பெயர்தான் நாக்கில் வருகிறது. அங்கே அவரோடு உழைத்த பெண் கட்டடக்கலைஞர் ஊர்மிளா யூலி சௌத்ரியின் பெயர் வருவதில்லை. அதே வியாதிதான்.

பாவா பெரிய கலைஞர், சந்தேகமில்லை. அவரைக் குறைக்க வேண்டாம். வகுப்பில் வரிசையைத் திருத்தினால் போதும். மினெட்டுக்கு இலங்கைக் கட்டடக்கலைஞர்களின் தங்கப் பதக்கம் 1996இல் வந்தது. 1998இல் கண்டியில் இறந்தார். அவர் கட்டியவற்றில் பலவும் இடிக்கப்பட்டன. அந்தக் கேள்வித்தாள் ஒருநாள் பொதட்டூர்பேட்டைக்கு வந்திருந்தால், தறியை எங்கே வைப்பது என்பதுதான் முதல் பதிலாக எழுதப்பட்டிருக்கும்.