தேடும் கண்ணுக்கே படம்; கதை கட்டும் நாவுக்கு அன்று

காணாமற்போன ஒருவரைத் தேடும் வீட்டிலே அடுப்பு மூட்ட எவருக்கும் மனம் வருவதில்லை. படலை அசையும் ஓசை ஒவ்வொன்றுக்கும் அங்கே ஓருயிர் துடித்தெழுகின்றது. அத்தகைய வீட்டின் துயரத்தை ஊரார் பகிர்ந்துகொள்வது நம்மவரின் பழம்பெரும் பண்பு. அந்தத் துயரத்தையே விடுகதையாக்கி, ஆளுக்கொரு விடை கூறி மகிழும் புதிய பழக்கம் ஒன்று இன்று நாட்டிலே வேர்விட்டு வருகின்றது. அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் வெளிப்படையாகக் கூறவேண்டிய கடமை நமக்குண்டு.

கண்டி மக்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. 2025ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி சனிக்கிழமை காலை, கண்டியை அடுத்த தவுலகல பொலிஸ் பிரிவிலே, தனியார் வகுப்புக்கு நடந்து சென்ற மாணவி ஒருவர் வானொன்றுக்குள் பலவந்தமாக இழுத்தேற்றப்பட்டுக் கடத்தப்பட்டார். அவ்விடத்திலிருந்த கண்காணிப்புக் கமரா அந்தச் சில விநாடிகளைப் பதிவுசெய்திருந்தது. ஓடிவந்து தடுக்க முயன்ற இளைஞர் ஒருவரின் துணிவும் அப்பதிவிலே தெரிந்தது. சில மணி நேரத்துக்குள் அக்காட்சி இலங்கை முழுவதும் கைத்தொலைபேசிகளிலே ஓடியது. இரண்டு நாட்களின் பின், 13ஆம் திகதி, அம்பாறையிலே அம்மாணவி மீட்கப்பட்டார். சந்தேக நபரும் கைதானார்.

அந்தக் கமரா செய்த நன்மையை நாம் மறுக்கவில்லை. பட்டப்பகலிலே நடந்த கொடுமையை எவரும் மறைக்க இயலாதபடி அது செய்தது. நாடே விழித்துக்கொண்டது. ஆயினும் அந்த இரண்டு நாட்களிலும், அதற்குப் பின்னரும், அக்காட்சியை வைத்துக்கொண்டு நம்மவர் கட்டிய கதைகள் எத்தனை! அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தையும், பெற்றோரின் நேர்மையையும், குடும்பத்தின் அந்தரங்கத்தையும் முன்பின் அறியாதவர்கள் நீதிபதிகளாகி விசாரித்தனர். அக்கதைகளை இங்கே எடுத்துக்கூறி மறுக்கப்போவதில்லை. மறுப்பதற்காக அச்சிடுவதும் இன்னொருமுறை பரப்புவதேயாகும்.

நாம் கேட்பது ஒன்று: சில விநாடிக் காட்சி எதைக் கூறும்? ஒரு வாகனம் வந்தது, ஒருவர் இழுத்தேற்றப்பட்டார், வாகனம் போயிற்று. இவ்வளவுதான் அது கூறும். ஏன் நடந்தது, யார் ஏவினார், முன்னர் என்ன நிகழ்ந்தது என்பவற்றைப் படம் கூறாது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது கமரா அன்று, பார்ப்பவனின் மனம். அவன் மனத்திலே ஏற்கெனவே எந்தச் சந்தேகம் இருந்ததோ, எந்தச் சாதியார்மீது, எந்தச் சமயத்தார்மீது, எத்தகைய பெண்கள்மீது வெறுப்பு இருந்ததோ, அதுவே அவனுக்கு விடையாகத் தோன்றுகின்றது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னது கமராவைக் கண்டறியாத காலத்திலே. கமராவைக் கண்ட காலத்திலேயே அதன் பொருள் நன்கு விளங்குகின்றது.

கமராவும் பிழைபடும் கருவியே என்பதைப் படித்த பெருமக்கள்கூட மறந்துவிடுகின்றனர். அதிலுள்ள கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுவதாக வைத்துக்கொள்ள முடியாது. மின்தடைக்குப் பின் திருத்தப்படாத கடிகாரங்கள் பல. இரவிலே அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு படமெடுக்கும் கமராவில் நிறங்கள் இல்லாமற் போகின்றன. கறுப்புத் துணியும் சில வேளைகளில் வெளிறித் தெரிகின்றது. அகன்ற பரப்பைக் காட்டும் வில்லை, ஓரத்தில் நிற்பவரின் உயரத்தையும் உருவத்தையும் திரித்துக் காட்டுகின்றது. கைக்குக் கை மாறும்போது ஒவ்வொருமுறையும் படம் சுருக்கப்பட்டுத் தெளிவு குன்றுகின்றது. இவை போதாவென்று, மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தருவதாகக் கூறும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று வந்துவிட்டன. அவை மறைந்திருந்த முகத்தை மீட்டுத் தருவதில்லை. இல்லாத கண்ணையும் மூக்கையும் ஊகித்து இட்டு நிரப்புகின்றன. அவ்வாறு பிறந்த முகம் உயிரோடு வாழும் யாரோ ஒருவரின் முகத்தை ஒத்திருந்தால், அந்த அப்பாவியின் கதி என்ன?

என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஏற்கெனவே சான்று தந்துள்ளது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே 2013 ஏப்ரல் 15ஆம் திகதி மரதன் ஓட்டத்தின்போது குண்டுகள் வெடித்தன. மூன்று நாட்களின் பின் அந்நாட்டுச் சமஷ்டிப் புலனாய்வுத் துறையினர், கமராக்களிலே பதிவான இரு சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டனர். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே காணாமற்போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவர்தான் அவர்களுள் ஒருவர் என்று, அன்றிரவே இணையத்திலே கூடியிருந்தவர்கள் தீர்ப்பளித்துவிட்டனர். மகனைத் தேடுவதற்காக அக்குடும்பம் அமைத்திருந்த முகநூற் பக்கத்திலே வசைமொழிகள் குவிந்தன. அதனைச் சிறிது காலம் மூடிவைக்க நேர்ந்தது. மறுநாளே உண்மையான சந்தேக நபர்கள் வேறு இருவர் என்பது தெரிந்தது. 23ஆம் திகதி அம்மாணவரின் உடல் ஆற்றிலே கண்டெடுக்கப்பட்டது. ஊகம் பரவிய தளத்தின் நிர்வாகி பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். மகனைத் தேடிய பெற்றோருக்கு அந்த மன்னிப்பினால் ஆகப்போவது யாது?

நம் நாட்டிலே பொலிஸாரே இத்தவறைச் செய்ததுண்டு. ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களின் பின், 2019 ஏப்ரல் 25ஆம் திகதி வெளியிடப்பட்ட சந்தேக நபர்களின் படங்களுள் ஒன்று, அமெரிக்காவில் வாழும் இலங்கை வம்சாவளிப் பெண் ஒருவருடையது. அவருக்கும் அக்கொடுமைக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. தவறு திருத்தப்பட்டது, ஆனால் அதற்குள் கொலைமிரட்டல்கள் அவரைத் தேடிச் சென்றுவிட்டன. ஆவணங்களும் அதிகாரிகளும் கைவசமுள்ள ஒரு திணைக்களமே இவ்வாறு தவறுமானால், சாப்பாட்டு மேசையிலிருந்து கைத்தொலைபேசியைத் தட்டுபவர் தவறமாட்டார் என்பதற்கு யார் பிணை?

கண்டி மாவட்டம் இதனை எல்லோரையும்விட நன்கு அறியும். தெல்தெனியவிலே வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட ஒருவர் உயிரிழந்ததைத் தொடர்ந்து, 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. முகநூலும் வாட்ஸ்அப்பும் சில நாட்கள் தடைசெய்யப்பட்டன. வதந்தியையும் வெறுப்பையும் தன் தளத்தில் பரவவிட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டிலே வருத்தம் தெரிவித்தது. ஒரு குற்றம் எவ்வளவு விரைவில் ஓர் இனத்தின் குற்றமாக மாற்றப்படும் என்பதை அந்தச் சாம்பலிலே கண்டோம். காணாமற்போன ஒருவரின் படத்தோடு ஒரு சமூகத்தின் பெயரையும் சேர்த்துப் பரப்புகிறவர், தாம் கையிலே வைத்திருப்பது தீக்குச்சி என்பதை உணரவேண்டும்.

அப்படியானால், கமராப் படங்களைப் பெட்டியிலே பூட்டிவைக்கச் சொல்கின்றோமா? இல்லை. வீட்டு வாசலுக்குக் கமரா பூட்டிய வைத்தியரும், களவுக்கு அஞ்சி மிளகும் கராம்பும் உலரும் முற்றத்துக்குக் கமரா பூட்டிய விவசாயியும், அயலிலே ஒருவர் காணாமற்போனார் என்று கேட்டவுடன் தம் பதிவைப் பார்க்கவேண்டும். பெரும்பாலான கருவிகள் சில நாட்களிலோ வாரங்களிலோ பழைய பதிவை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிகின்றன. ஆகவே தாமதியாது அப்பகுதியைப் பிரதிசெய்து, கமராக் கடிகாரத்துக்கும் உண்மை நேரத்துக்குமுள்ள வேறுபாட்டையும் குறித்து, பொலிஸாரிடமும் குடும்பத்தாரிடமும் ஒப்படைக்கவேண்டும். வெளியிடுவதா, எப்பகுதியை வெளியிடுவதா என்பதை அவர்களே முடிவுசெய்யட்டும். வாகனம் எந்தத் திசையிலே தேடப்படுகின்றது என்பதைக் கடத்தியவனும் தன் கைத்தொலைபேசியிலே பார்த்துக்கொண்டிருக்கலாம் அல்லவா? களவுபோன மாட்டின் அடிச்சுவட்டைத் தேடிப் போகிறவன், அந்தச் சுவட்டின்மேல் ஊரையே நடக்கவிடுவானா?

பொதுமக்களுக்கு மட்டும் உபதேசம் செய்து பொலிஸாரை விட்டுவிட நாம் விரும்பவில்லை. அதிகாரிகள் வாய்திறவாதபோதே வதந்தி வாய்திறக்கின்றது. ஒருவர் காணாமற்போனால், விசாரணைக்கு ஊறுசெய்யாத அளவிலே, இன்னது உறுதி, இன்னது உறுதியன்று என்று நாள்தோறும் கூறுவது பொலிஸாரின் பொறுப்பு. அதனைத் தமிழிலும் கூறவேண்டும். 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதற்குப் பின்னும் தமிழிலே முறைப்பாட்டை எழுதிக்கொள்ள ஓர் அதிகாரி இல்லாத பொலிஸ் நிலையங்கள் மலையகத்திலே இருப்பது வெட்கக்கேடு. ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வா என்று பெற்றோரைத் திருப்பியனுப்புவதும் தகாது. அப்படிப் பொறுத்திருக்கும்படி எந்தச் சட்டமும் கூறவில்லை. சிறுவர்களுக்காக 1929, பெண்களுக்காக 1938, அவசரப் பொலிஸ் உதவிக்கு 119 என்ற இலக்கங்கள் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கவேண்டும்.

இன்னுமோர் அநீதியையும் எண்ணிப்பார்க்கவேண்டும். கண்டி நகரத்து மாடிவீடுகளுக்குக் கமரா உண்டு. கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் உள்ள லயங்களுக்கு உண்டா? அங்கே ஒரு பிள்ளை காணாமற்போனால் காட்டுவதற்குக் காட்சி இல்லை. காட்சி இல்லாததால் கூட்டமும் கூடுவதில்லை. ஊரின் கவனம் படத்தின் பின்னாலேயே ஓடுமானால், படமில்லாத ஏழையின் பிள்ளையைத் தேடுவார் யார்? காணொளி பரவினால்தான் தேடல் விரையும் என்ற நிலை, நீதி தன் கண்ணை இழந்து கமராவின் கண்ணை இரவல் வாங்குவதற்கு ஒப்பாகும்.

புதிய சட்டங்களைக் கொண்டு இப்பழக்கத்தை அடக்கலாம் என்பார் உளர். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, அது கருத்துச் சுதந்திரத்தை நெரிக்கும் கயிறாகிவிடும் என்று பத்திரிகையாளர்களும் சட்டத்தரணிகளும் எதிர்த்தனர். அந்த அச்சம் நமக்கும் உண்டு. ஆட்சியாளர் கையிலே மக்களின் வாய்க்கு இன்னொரு பூட்டைக் கொடுக்க நாம் ஒருப்படோம். அதனாலேயே கேட்கின்றோம்: நம் நாவை நாமே காத்துக்கொள்வோம். பரப்புமுன் ஒரு கணம் நின்று, இது அந்த மனிதரைக் கண்டுபிடிக்க உதவுமா, அல்லது என் ஆவலை மட்டும் தீர்க்குமா என்று நெஞ்சைக் கேட்போம். ஆள் மீண்டபின், பகிர்ந்த படத்தை அழித்துவிடுவோம். மீட்கப்பட்ட பெண் அதே வீதியால் மீண்டும் நடந்து போகவேண்டியவள் என்பதை எண்ணுவோம்.

காணாமற்போதல் என்றால் என்ன என்பதை இந்நாட்டிலே எவருக்கும் கற்பிக்கவேண்டியதில்லை. 1988, 1989ஆம் ஆண்டுகளிலே இதே கண்டி மாவட்டத்துச் சிங்களத் தாய்மார் மக்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்தனர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்திலே அமர்ந்த தமிழ்த் தாய்மாருட் பலர், விடை கிடைக்காமலே கண்மூடிவிட்டனர். அவர்கள் மடியிலே வைத்திருந்ததும் ஒரு படந்தான். அதனை அவர்கள் ஊருக்குக் காட்டியது கதை கேட்பதற்காக அன்று, பிள்ளையைக் கேட்பதற்காக. அடுத்தமுறை காணாமற்போன ஒருவரின் படம் நம் கைக்கு வரும்போது, அந்தத் தாயின் மடியிலிருந்து வந்ததாக அதனை ஏந்துவோம்.