பழக்கந்தானே!

பென்னாகரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, நன்றாகப் படித்த அன்பர் ஒருவர் சொன்னார்: "மலையிலே இருக்கிறவங்களுக்கு ஏறி இறங்கறது ஒரு கஷ்டமா சார்? அவங்களுக்கு அது பழக்கந்தானே!"

இந்தப் 'பழக்கந்தானே' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

அதற்குப் பத்து நிமிஷத்துக்கு முன்புதான் அவர் தம் மகன் வாங்கி வந்த பதக்கத்தின் படத்தைக் காட்டியிருந்தார். லடாக்கில் கார்துங் கிராமத்திலிருந்து லே நகரம் வரை 72 கிலோமீட்டர் ஓட்டம். நடுவே 17,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் கார்துங் லா கணவாய். பையன் ஓடி முடித்துவிட்டான். அவனை நான் மனமாரப் பாராட்டுகிறேன், பரிகசிக்க வரவில்லை.

ஆனால் அந்த ஓட்டத்தை நடத்துகிறவர்களின் ஜாக்கிரதையைப் பாருங்கள். ஓடுகிறவன் பல நாள் முன்னதாகவே லேக்கு வந்து, காற்று மெலிந்த அந்த உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். வழியில் ஆங்காங்கே தண்ணீர், ஆகாரம், டாக்டர், ஆம்புலன்ஸ். குறித்த நேரத்துக்குள் குறித்த இடத்தைத் தாண்டாவிட்டால், "போதும் தம்பி" என்று நிறுத்திவிடுவார்கள். ஏன்? மாதக்கணக்கில் பயிற்சி செய்த வாலிப உடம்பும் மலையில் எந்த நிமிஷமும் விழுந்துவிடலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பழக்கத்தை அவர்கள் நம்புவதில்லை.

நம்பிக் கெட்ட இடமும் உண்டு. சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே மாதம் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் ஒன்று நடந்தது. திடீரென்று ஆலங்கட்டியும் குளிர்மழையும் சூறைக்காற்றும் சேர்ந்துகொண்டன. 21 பேர் மாண்டார்கள். அந்த நாட்டின் பெயர்பெற்ற ஓட்டக்காரர்களும் அதில் அடக்கம். ஆறு பேரைக் காப்பாற்றியவர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். அவர் அப்போது மழைக்குக் குகையில் ஒதுங்கியிருந்தார். அவர்களையும் அங்கே சேர்த்து, நெருப்பு மூட்டிப் போர்த்திவிட்டார். மலை அந்த மனிதருக்கு என்ன பழக்கியிருந்தது? மழை வந்தால் ஒதுங்கப் பழக்கியிருந்தது. இரும்பாக மாற்றிவிடவில்லை.

நம் தர்மபுரி ஜில்லாவுக்கு வருவோம். பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு 2021 தேர்தலிலும் 2024 தேர்தலிலும் ஓட்டு இயந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றி அனுப்பினார்கள். பத்திரிகைகள் படம் போட்டன, நாமும் ரசித்தோம். இயந்திரத்தைச் சுமக்க ஏதாவது ஒன்று வேண்டும் என்று புரிந்துகொண்ட சர்க்காருக்கு, பிரசவ வலி கண்டவளைச் சுமக்கவும் ஏதாவது வேண்டும் என்பது புரியாதா? கழுதை தேர்தலுக்குத் தேர்தல் போகலாம். காய்ச்சல் தேதி பார்த்தா வருகிறது?

வடக்கே வேலூர் மாவட்டத்தில், அல்லேரி மலைப் பக்கம், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் குழந்தை இறந்துவிட்டது. திரும்பி வரும்போது, ரோடு முடிந்த இடத்தோடு ஆம்புலன்ஸும் நின்றுவிட்டது. பிள்ளையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு தாய் மீதி மலையை நடந்தே ஏறினாள்.

இதுவும் பழக்கந்தானா?

'ரோடு போட்டால் காடு அழியும்' என்று சிலர் சொல்வார்கள். காடு அழியக் கூடாது என்பதில் எனக்கும் அக்கறை உண்டு. ஆனால் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தையே எடுத்துப் பாருங்கள். கிராமசபை சிபாரிசு செய்தால், ரோடு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் போன்றவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் கொடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது என்கிறது சட்டம். காட்டையும் மனிதனையும் சேர்த்து நினைக்கச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் மனசில்லை.

டீக்கடை அன்பரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "வழியிலே டாக்டரும் கிடையாது, வண்டியும் கிடையாதுன்னு சொல்லியிருந்தா உங்க பிள்ளையை அந்த ஓட்டத்துக்கு அனுப்பியிருப்பீங்களா?"

"அதெப்படி சார் அனுப்புவேன்?" என்று பதறினார்.

மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் சிலர் தலையில் சுமையோடு எங்களைக் கடந்து சந்தைப் பக்கம் போனார்கள். அவர் அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். 'பழக்கந்தானே' என்று இந்த முறை சொல்லவில்லை.